சூட்டு மாத்திரை

விக்டோரியா சிஸ்டருக்கு யார் மேலும் லேசில் நம்பிக்கை வராது. வந்துவிட்டால் லேசில் போகாது. முதல் குணம் அவளைப் பல தடவை காப்பாற்றியிருக்கிறது. இரண்டாவது குணம்தான் கழுத்தை அறுத்தது.

கும்மிடிப்பூண்டியில் ஜி.என்.டி. ரோட்டை ஒட்டி இருந்த அந்த நர்சிங் ஹோமில் அவள் பத்தொன்பது வருஷமாக ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ். ஆரம்பாக்கத்திலிருந்து தினமும் காலை ரயிலில் வருவாள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. யாராவது தூண்டித் துருவினால், நேரம் எங்கே இருந்தது என்று கேட்பாள். அது சாக்கு இல்லை. சிப்காட் தொழிற்பேட்டையில் மிஷின் ஓடுகிற வரைக்கும் நர்சிங் ஹோமுக்கு அடிபட்ட கையோ காலோ வந்துகொண்டேதான் இருக்கும்.

டாக்டர் ரகுநந்தன் அங்கே மயக்க மருந்து கொடுக்கிறவர். திருவள்ளூர்க்காரர். அப்பா, பெரியப்பா, சித்தப்பா எல்லோரும் பெருமாள் கோயில் கைங்கரியத்தில் இருக்க, அந்தக் குடும்பத்தில் ஊசியைக் கையில் எடுத்த முதல் ஆள். தொண்ணூற்றொன்பதில் வந்து சேர்ந்தபோது தொண்டைக்குள் குழாய் இறக்கக் கை நடுங்கியது. சர்ஜன் முகமூடிக்குள்ளேயே பல்லைக் கடிப்பார். விக்டோரியா ஒன்றும் நடக்காதது போலப் பக்கத்தில் நின்று, நோயாளியின் தொண்டையை லேசாக அழுத்தி, 'இப்போ தெரியுது பாருங்க டாக்டர்' என்று காதோடு சொல்லுவாள். மூன்று மாதத்தில் நடுக்கம் போய்விட்டது. நாலாவது மாதத்திலிருந்து யாரும் இல்லாத நேரத்தில் அவர் அவளை அக்கா என்று கூப்பிட ஆரம்பித்தார். அவருடைய மனைவி பூமாவுக்குப் பிரசவம் ஆனபோது, வேண்டாம் வேண்டாம் என்று சொன்ன பிறகும் விக்டோரியா லீவு போட்டுக்கொண்டு திருவள்ளூருக்குப் போய் இரண்டு நாள் கூட இருந்தாள். கூடப் பிறந்தவன் என்று ஒருவன் இல்லாத குறையை அவள் அப்படித் தீர்த்துக்கொண்டாள்.

விஷயத்துக்கு வருகிறேன். வயிற்றைத் திறக்கிற ஆபரேஷன் என்றால் மயக்கம் மட்டும் போதாது, தசையெல்லாம் தளர வேண்டும். அதற்குத் தனியாக ஓர் ஊசி உண்டு. அது ஏறினால் மூச்சு விடுகிற தசையும் சேர்ந்து படுத்துவிடும். மிஷினோ கையோதான் மூச்சு கொடுக்க வேண்டும். எல்லாம் முடிந்ததும் மாற்று ஊசி போட்டு எழுப்புவார்கள். 'தலையைத் தூக்குப்பா' என்று சொல்லிவிட்டு ஒன்று, இரண்டு என்று எண்ணுவார்கள். ஐந்து எண்ணும் வரை தலை நின்றால் குழாயை உருவலாம். நிற்கவில்லையென்றால் காத்திருக்க வேண்டும். அவ்வளவுதான். பெரிய வித்தை ஒன்றும் இல்லை, பொறுமைதான் வேண்டும்.

சிப்காட்டுக்குள் இரும்புக் கம்பி உருட்டுகிற ஒரு மில் இருந்தது. அங்கிருந்து வருகிற ஆட்கள் மட்டும் மற்றவர்களைவிடத் தாமதமாகத் தலை தூக்குகிறார்கள் என்று அவளுக்கு ஒரு சந்தேகம் தட்டியது. கலியன் என்ற உலைத் தொழிலாளிக்குக் குடல்வால் எடுத்தபோது அரை மணி நேரம் காத்திருந்தார்கள். மறுநாள் அவனுடைய சட்டையை மடித்துக் கொடுக்கையில் பையிலிருந்து ஒரு மாத்திரை அட்டை விழுந்தது. பாரசிட்டமால். ஊரெல்லாம் காய்ச்சலுக்கும் தலைவலிக்கும் போடுகிற அதே மாத்திரை. ஆபரேஷனுக்கு முன்னால் மருந்து மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறாயா என்று அவளே கேட்டிருந்தாள். இல்லை என்று சூடம் அணைக்காத குறையாகச் சொல்லியிருந்தான்.

"இது மருந்து இல்ல சிஸ்டர்," என்றான் கலியன். "சூட்டு மாத்திரை. டீயோட போட்டுக்குவோம்."

மில் கேட்டில், டீ கேனுக்குப் பக்கத்தில் ஒரு டப்பா நிறைய அது இருக்குமாம். உலைச் சூட்டில் உடம்பு வலிக்காமல் இருக்க, வேலைக்கு ஏறுகிறவன் இரண்டோ மூன்றோ எடுத்து வாயில் போட்டு டீயை ஊற்றிக்கொள்வானாம். சூப்பர்வைசரே தினமும் டப்பாவை நிரப்பி வைப்பாராம். நோய்க்குச் சாப்பிட்டால் மருந்து, வேலைக்குச் சாப்பிட்டால் அது டீயோடு சேர்ந்தது. அவர்கள் பொய் சொல்லவில்லை, கேட்டவர்களுக்குத்தான் கேட்கத் தெரியவில்லை.

அன்றிலிருந்து மில் ஆட்களிடம் அவள் கேள்வியை மாற்றிக்கொண்டாள். "டீ குடிக்கச்சொல்ல இன்னா போட்டுக்குவே?" உடனே பதில் வந்தது. ஒரு நாற்பது பக்க நோட்டில், எத்தனை மாத்திரை, எத்தனை நாளாக, தளர்த்துகிற ஊசி எவ்வளவு, தலை தூக்க எத்தனை நிமிஷம் என்று எழுதிக்கொண்டே வந்தாள். இரண்டு வருஷத்தில் முப்பத்தோரு பேர். மாத்திரையும் ஊசியும் உடம்புக்குள் கைகோர்த்துக்கொள்கின்றனவா, உலைச் சூடா, வெறும் தற்செயலா என்று சொல்லுகிற படிப்பு அவளுக்கு இல்லை. அதனால் நோட்டைக் கொண்டுபோய் ரகுநந்தனிடம் கொடுத்தாள்.

அவர் அதை வைத்துச் சென்னையில் டாக்டர்கள் கூட்டம் ஒன்றில் பேசினார். இது உண்மையா என்று முறைப்படி ஆராய வேண்டும் என்று அங்கே பாராட்டினார்களாம். அச்சடித்த தாளைக் கொண்டுவந்து காட்டினார். அதில் அவர் பெயர் மட்டும் இருந்தது. விக்டோரியாவுக்கு நெஞ்சில் முள் மாதிரி ஒன்று குத்தியது. தம்பி பெயர் வந்தால் நம் பெயர் வந்த மாதிரி என்று அவளே அதைப் பிடுங்கிப் போட்டாள். நோட்டைத் திருப்பிக் கேட்கவும் இல்லை.

இரண்டாயிரத்து ஆறு ஆகஸ்டில் சஹாபுதீன் வந்தான். பழவேற்காட்டுக்காரன், வயது முப்பத்து நாலு. குடும்பத்தில் எல்லோரும் கருவாட்டு வியாபாரம் செய்ய, இவன் மட்டும் மில்லுக்குப் போனவன். பித்தப்பையில் கல். கூடவே மனைவி ஜபீன், அவன் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றாள். விக்டோரியா டீக் கேள்வியைக் கேட்டாள். தினமும் மூன்று மாத்திரை, ஆறு வருஷமாக, ஞாயிற்றுக்கிழமையும் விடுவதில்லை என்று அவன் சிரித்துக்கொண்டே சொன்னான். ஜபீன், தான் சொன்னால் கேட்பதில்லை, சிஸ்டராவது சொல்லட்டும் என்று முறையிட்டாள். விக்டோரியா அதைக் கேஸ் தாளில் எழுதினாள், எழுதியதை ரகுநந்தனிடம் காட்டினாள். பார்த்துக்கொள்ளலாம் அக்கா, அளவைக் குறைத்துப் போடுகிறேன் என்றார்.

ஆபரேஷன் நன்றாகவே முடிந்தது. மாற்று ஊசியும் போட்டாகிவிட்டது. தலையைத் தூக்கச் சொன்னபோது சஹாபுதீனின் தலை ஒன்று எண்ணுவதற்குள் தலையணையில் விழுந்தது. இரண்டாவது தடவை இரண்டு வரை நின்றது. ரகுநந்தன் கடிகாரத்தைப் பார்த்தார். மூன்று மணிக்குப் பொன்னேரியில் அவருக்கு இன்னொரு கேஸ்.

"கொஞ்சம் இரு தம்பி," என்றாள் விக்டோரியா. சர்ஜன் போய்விட்டிருந்தார், அதனால் வாயில் 'டாக்டர்' என்று வரவில்லை.

அவர் குழாயை உருவினார். மூச்சு வருகிறது, வார்டுக்கு மாற்றச் சொல்லுங்கள் என்று கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டுப் போய்விட்டார். கார் ரோட்டில் ஏறுகிற சத்தம் அவளுக்குக் கேட்டது. ஆயா வண்டியைத் தள்ளிக்கொண்டு போனாள். விக்டோரியா கருவிகளைக் கழுவிப் போடப் பத்து நிமிஷம் பின்தங்கினாள். அந்தப் பத்து நிமிஷத்துக்கு அவள் யார் மேலும் பழி போட்டதில்லை. கூடவே போயிருக்க வேண்டும். போகவில்லை.

வார்டுக்கு வந்தபோது சஹாபுதீனின் உதடு நாவல் பழ நிறத்தில் இருந்தது. கண் திறந்திருந்தது. அவன் மூச்சுக்குத் தவிக்கிறான், தவிப்பைக் காட்ட ஒரு தசைகூட அவன் சொல் கேட்கவில்லை. தூங்குகிறார் என்று நினைத்து ஜபீன் விசிறிக்கொண்டிருந்தாள். விக்டோரியா மாஸ்க்கை முகத்தில் அழுத்தி, மூச்சு கொடுக்கிற பையைப் பிழிய ஆரம்பித்தாள். ரகுநந்தனின் செல்போன் அணைந்திருந்தது. வெளிநோயாளிகள் அறையிலிருந்து ஓடிவந்த சர்ஜன் குழாயை மறுபடி இறக்கி, சென்னைக்குக் கொண்டுபோகச் சொன்னார். ஆம்புலன்சில் செங்குன்றம் தாண்டி, மூலக்கடை தாண்டி, பெரிய ஆஸ்பத்திரி வாசல் வரை அவள் பையை விடவில்லை. இறங்கும்போது விரல்கள் மடங்கியது மடங்கியபடியே இருந்தன. ஜபீன்தான் ஒவ்வொரு விரலாக நீவி நிமிர்த்திவிட்டாள்.

உயிர் பிழைத்தான். ஆனால் வேறு ஆளாகப் பிழைத்தான். இருபது நாள் கழித்து வீட்டுக்கு வந்தபோது நடக்க முடியவில்லை, பேச்சு வரவில்லை, கஞ்சியைக்கூடப் பிறர்தான் ஊட்ட வேண்டும். பழவேற்காட்டிலிருந்து ஆட்கள் வந்து நர்சிங் ஹோம் வாசலில் நின்று நியாயம் கேட்டார்கள். பதில் சொல்ல ஒரு தலை வேண்டியிருந்தது.

முதலாளி டாக்டரின் அறைக்கு விக்டோரியாவைக் கூப்பிட்டார்கள். மில்லின் பர்சனல் ஆபீசரும் ரகுநந்தனும் உட்கார்ந்திருந்தார்கள். அவளை உட்காரச் சொல்லவில்லை. மேஜையில் அவளுடைய நாற்பது பக்க நோட்டு கிடந்தது. இது உங்கள் கையெழுத்துதானே என்று கேட்டார்கள். ஆமாம் என்றாள், கொஞ்சம் பெருமையாகவே. இந்த மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு ஆபத்து என்று உங்களுக்கு இரண்டு வருஷமாகத் தெரியும், அப்படித்தானே என்றார்கள். அதற்கும் ஆமாம் என்றாள். அப்படியென்றால் சஹாபுதீனிடம் ஏன் கேட்கவில்லை என்று கேட்டு, கேஸ் தாளைப் பக்கத்தில் வைத்தார்கள்.

'சாப்பிடும் மருந்துகள்: எதுவும் இல்லை' என்று அதில் இருந்தது. கீழே அவள் கையெழுத்து.

இங்கே ஒரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். தியேட்டரில் எழுதுகிற தாளில் ரத்தமும் மருந்தும் தெறித்துக் கறையாகிவிடும். செலவைக் கட்டுகிற மில் ஆபீசுக்குச் சுத்தமான தாள் வேண்டும். அதனால் பிறகு உட்கார்ந்து நகல் எழுதுவார்கள். நர்ஸ் கையெழுத்துக்காக ஒவ்வொரு தடவையும் அலைய முடியாது என்று, சனிக்கிழமை தோறும் ஒரு கட்டு வெற்றுத் தாளில் விக்டோரியா வரிசையாகக் கையெழுத்துப் போட்டுவைப்பாள். நகல் எழுதியதும் கறைத் தாளைக் கிழித்துவிடுவார்கள். ஏழு வருஷமாக அப்படித்தான். நகல் எழுதுகிறவர் ரகுநந்தன். முத்து முத்தான எழுத்து அவருக்கு, விக்டோரியாவே பல தடவை புகழ்ந்திருக்கிறாள்.

அவள் அவரைப் பார்த்தாள். அவர் நோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். கேட்டேன், எழுதினேன், காட்டினேன், இரு என்றும் சொன்னேன் என்று அவள் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, இதற்கு என்ன ஆதாரம் என்று முதலாளி கேட்டார். பிறகு ஒரு காகிதத்தை நீட்டினார். நோயாளியிடம் மருந்து விவரம் கேட்கத் தவறியது என் கவனக்குறைவு என்று அதில் டைப் அடித்திருந்தது. கையெழுத்துப் போட்டால் வேலையோடு போகும். போடாவிட்டால் நர்ஸ் கவுன்சிலுக்குப் புகார் போகும், பதிவே ரத்தாகிவிடும். பதிவு போனால் அவள் எந்த ஊரிலும் ஒரு ஊசிகூடப் போட முடியாது. திங்கட்கிழமைக்குள் யோசித்துச் சொல்லச் சொன்னார்கள்.

துணி அடுக்குகிற அறைக்கு ரகுநந்தன் பின்னாலேயே வந்தார். கதவைச் சாத்திக்கொண்டார். தனக்கு இன்னும் இருபத்தைந்து வருஷ வேலை இருக்கிறது, இது வெளியே வந்தால் யாரும் தன்னைத் தியேட்டருக்குள் விடமாட்டார்கள், சின்னக் குழந்தை இருக்கிறது என்றெல்லாம் சொன்னார். அவள் படுக்கை விரிப்புகளை மடித்துக்கொண்டே இருந்தாள்.

"நீங்க தனி ஆள்தானேக்கா," என்றார். "எப்படியும் சமாளிச்சுடுவீங்க."

விக்டோரியாவின் கை நின்றது. இத்தனை வருஷமாக அவர் அக்கா என்று கூப்பிட்டபோதெல்லாம் தனக்கு ஒரு குடும்பம் இருப்பதாக அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். அவர் கணக்கில் அவள் தனி ஆள்.

"இரு தம்பின்னு நான் சொன்னது உன் காதுல உழுந்துச்சா?" என்று கேட்டாள். கோபத்தோடு அவரை அவள் ஒருமையில் பேசியது அதுதான் முதல் தடவை.

"விழுந்துச்சு," என்றார்.

அந்த ஒரு நேர்மையாவது இல்லாமல் இருந்திருக்கலாம். கேட்கவில்லை என்று சொல்லியிருந்தால் அவள் இன்னும் கொஞ்ச நாள் அவரை மன்னிக்க முயன்றிருப்பாள்.

ஆனால் அவள் உடைந்துபோய்விடவில்லை. ஆதாரம் எங்கே என்று கேட்டார்களே, ஆதாரம் இருந்தது. டீக் கேள்வியைக் கேட்டபோது ஜபீன் பக்கத்தில் நின்றாள். சஹாபுதீன் மூன்று என்று சொன்னதையும், விக்டோரியா எழுதியதையும் கண்ணால் பார்த்தவள். அவள் ஒரு வார்த்தை சொன்னால் அந்த முத்து முத்தான எழுத்து பொய்யாகிவிடும். கவுன்சிலும் தெரியும், கோர்ட்டும் தெரியும், பார்க்கலாம் ஒரு கை என்று விக்டோரியாவுக்கு ரத்தம் சூடேறியது. ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகவில்லை. டைப் அடித்த காகிதத்தை நாலாக மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு, பொன்னேரி போய், அங்கிருந்து பழவேற்காடு பஸ் ஏறினாள். ஜபீன் சரி என்று சொன்னதும் அவள் கண் முன்னாலேயே அதைக் கிழித்துப் போட வேண்டும் என்பது அவளுடைய ஆசை.

வீட்டில் சஹாபுதீனைக் கட்டிலில் சாய்த்து உட்கார வைத்திருந்தார்கள். விக்டோரியாவைப் பார்த்ததும் அவன் வாய் கோணி ஏதோ சத்தம் வந்தது. அழுகையா, வரவேற்பா என்று தெரியவில்லை. ஜபீன் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு ஸ்டூல் எடுத்துப் போட்டாள். முகம் கொடுத்துப் பேசவில்லை. விக்டோரியா வந்த காரியத்தைச் சுற்றி வளைக்காமல் சொன்னாள். அன்றைக்கு நான் கேட்டேனா இல்லையா, அதை மட்டும் நீ நாலு பேர் முன்னால் சொன்னால் போதும் என்றாள்.

ஜபீன் கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்தாள்.

"கேட்டீங்க சிஸ்டர். எனக்கு நல்லா ஞாபகம் கீது. அல்லா மேல ஆணையா கேட்டீங்க." கொஞ்சம் நிறுத்தினாள். "வெள்ளிக்கெழமை அந்த டாக்டர் வந்தாரு. நீங்க கேக்கலன்னு எழுதி எடுத்துக்கினு வந்தாரு. நான் கையெழுத்து போட்டுக் குடுத்துட்டேன்."

விக்டோரியாவுக்கு முதலில் புரியவில்லை. புரிந்தபோது கைப்பையை மடியோடு இறுக்கிக்கொண்டாள். ஜபீன் குனிந்துகொண்டே மீதியையும் சொன்னாள். சஹாபுதீனை ஆயுசுக்கும் நர்சிங் ஹோமில் இலவசமாகப் பார்த்துக்கொள்வார்களாம். ஜபீனுக்கு மில் கேன்டீனில் வேலையாம். மில்லும் நர்சிங் ஹோமும் பேசி ஒத்துக்கொண்டிருக்கின்றன. ஆனால் தப்பு தன்னுடையதுதான் என்று சிஸ்டர் எழுதிக் கொடுத்தால்தான் அது நடக்குமாம். வழக்கு, தகராறு என்று போனால் தீர்ப்பு வருகிற வரை யாரும் எதுவும் செய்யமாட்டார்களாம். இதைச் சொல்லத் தானே ஆரம்பாக்கத்துக்கு வர நினைத்ததாகவும், முகத்தில் விழிக்க வெட்கமாக இருந்ததாகவும் சொன்னாள்.

"ஆம்புலன்ஸுல நீங்க இவர எப்படிப் புடிச்சீங்கன்னு நான் பாத்தேன். மறக்கல. ஆனா நீங்க போனா அங்க வேற நர்ஸ் வருவாங்க சிஸ்டர். இவருக்கு யாரு வருவாங்க?"

விக்டோரியா எழுந்து வாசல் வரை போனாள். கத்த வேண்டும் போல இருந்தது. இந்தப் பெண்ணை நாலு அறை அறைந்தால் தேவலை என்று தோன்றியது, அப்படித் தோன்றியதற்காக அவள் வெட்கப்படவும் இல்லை. சண்டை போடலாம். போட்டால் முதல் வேலையாக ஜபீனைப் பொய்க்காரி என்று நிரூபிக்க வேண்டும். அது நடந்து முடிவதற்குள் கட்டிலில் இருப்பவன் முதுகெல்லாம் புண்ணாகிச் செத்துப்போவான். இதெல்லாம் ரகுநந்தனுக்கும் தெரியும். விக்டோரியா எந்த இடத்தில் நிற்பாள், எந்த இடத்தில் விட்டுக்கொடுப்பாள் என்று ஏழு வருஷம் பக்கத்தில் நின்று பார்த்தவர் அவர். அவர் படித்தது அவளுடைய நோட்டை மட்டும் இல்லை, அவளையும்தான்.

திரும்பி வந்தாள். சஹாபுதீனைப் பக்கவாட்டில் புரட்டி முதுகைப் பார்த்தாள். இடுப்புக்குக் கீழே ரூபாய் அகலத்துக்குச் சிவந்திருந்தது. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை பக்கம் மாற்றிப் படுக்க வைக்க வேண்டும், ஈரம் பட விடக் கூடாது, குதிகாலுக்குக் கீழே துணி சுருட்டி வைக்க வேண்டும் என்று செய்து காட்டினாள். குரலில் பாசம் இல்லை, வேலை மட்டும் இருந்தது. ஜபீன் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினாள்.

பிறகு கைப்பையைத் திறந்து காகிதத்தை எடுத்தாள். கட்டில் சட்டத்தில் வைத்து, மடிப்பை நீவி, முழுவதையும் ஒரு தடவை படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாள்.

"கோவமா சிஸ்டர்?" என்று ஜபீன் மெதுவாகக் கேட்டாள்.

"ஆமா. கோவந்தான்," என்றாள் விக்டோரியா. "அவன் மேலயும், உன் மேலயும். இது சாவற வரிக்கும் போவாது. என்னை ஒரு வார்த்தை கேக்காமயே வித்துட்டீங்க ரெண்டு பேரும்."

ஜபீன் அழ ஆரம்பித்தாள். விக்டோரியா அவளைத் தேற்றவில்லை. காகிதத்தை அவள் கையில் திணித்தாள்.

"நாளைக்கு நீயே எடுத்துக்கினு போய் அவன்கிட்ட குடு. நான் வரமாட்டேன்."

கட்டிலில் இருந்தவன் மறுபடியும் அந்தச் சத்தத்தைப் போட்டான். விக்டோரியா அவன் பக்கம் திரும்பாமல் செருப்பை மாட்டிக்கொண்டு பஸ்ஸைப் பிடிக்கப் போனாள்.